காவேரி வைத்த கல்லுப்பு

காவேரிக்கு நன்றி சொல்ல வராது. அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்து வெட்கப்பட்டுத் திரும்பிவிடும். யாராவது ஓர் உதவி செய்துவிட்டால் அவளுக்குக் கைதான் பரபரக்கும். ஒரு மழை நாளில் கம்பெனி வாசல் காவலாளி தன் குடையைக் கொடுத்தார். அந்த ஒரு குடைக்காக மாதம் முழுக்க அவருக்கு முருங்கைக்கீரைப் பொரியல் போனது. கடைசியில் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் தாயே, வயிறு தாங்கல. அடுத்த மழைக்கு நீ நனைஞ்சுகினே போ," என்றார்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஒரு கம்பெனியே உதவி செய்துவிட்டால் என்ன ஆகும்? ஆகக் கூடாததுதான் ஆனது.

காவேரி பிள்ளைப்பாக்கத்துக்காரி. பிறந்தது அங்கே, வாழ்க்கைப்பட்டதும் அங்கேயே, நான்கு தெரு தள்ளி. கணவன் எழிலரசன் கம்பெனி வேன் ஓட்டுகிறான். சுற்றுப்பட்டு ஊர்களில் ஷிப்டுக்குப் போகிற பெண்களை அள்ளிக்கொண்டு போய் ஒரகடத்தில் இறக்குவதும், சாயந்திரம் அதே பெண்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவதும் அவன் பிழைப்பு. மகள் சுகப்பிரியா தாம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் இந்தக் கதைக்குள் வரமாட்டாள், அவளுக்குப் பரீட்சை.

கல்யாணமான மூன்றாம் வருஷத்திலிருந்து பதின்மூன்று வருஷம் காவேரி ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்றாள். போனின் முதுகில் கேமராக் கண்ணாடியை ஒட்டுவது அவள் வேலை. ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு போன். கண்ணும் கையும் அப்படிப் பழகிப்போய், வீட்டில் அரிசி புடைத்தால் ஒரு கல் தப்பாது. அப்புறம் ஒரு நாள் அந்த லைனை மூடிவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு நாற்பது முடிய மூன்று மாதம் இருந்தது.

இந்தப் பக்கத்துக் கம்பெனி வாசல்களில் தொங்கும் போர்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெண்கள் தேவை, வயது பதினெட்டு முதல் இருபத்தெட்டு வரை, வேன் வசதி உண்டு, சாப்பாடு உண்டு. நாற்பது வயதுப் பெண்ணின் கை எவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் என்று எந்த போர்டும் கேட்பதில்லை. அவளுக்கு என்று இரண்டே வேலைதான் வைத்திருக்கிறார்கள். ஒன்று துடைப்பம், இல்லாவிட்டால் கேன்டீன் கரண்டி. காவேரி துடைப்பத்தைப் பிடித்தாள். எட்டு மாதம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரை துடைத்தாள். வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடி ஒட்டின விரல்கள் சும்மா இருந்தன, அதுதான் அவளைத் தின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒரகடத்தில் புதிதாக முளைத்த ஒரு சின்ன கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழிலரசன் வேனில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். உள்ளே மொத்தமே பதினெட்டுப் பேர். உற்பத்திப் பொறுப்பு முழுக்க ரஞ்சனி என்ற இன்ஜினியர் கையில். முப்பது வயதைத் தாண்டாத பெண், சிரிப்பதற்குக் காசு கேட்கிற முகம். காவேரி வரிசையில் ஆறாவதாக நின்றாள், முன்னால் நின்ற ஐந்து பேருக்கும் அவளில் பாதி வயது. ரஞ்சனி யாரிடமும் வயது கேட்கவில்லை. ஒரு இடுக்கியையும், தீக்குச்சி நீளத்துக்குச் சின்னச் சின்ன பின்கள் குவிந்த கிண்ணத்தையும் தள்ளி, "இதுல கீறல் விழுந்தது எத்தனைன்னு பொறுக்கிக் குடுங்க," என்றாள். காவேரி பதினொன்றைப் பொறுக்கி வைத்தாள். ரஞ்சனி ஒன்பதுதான் கலந்து வைத்திருந்தாள். லென்ஸில் வைத்துப் பார்த்தால், மிச்ச இரண்டிலும் கீறல் இருந்தது.

"எப்ப வர முடியும்?" என்று கேட்டாள் ரஞ்சனி.

"வந்துதான் கீறேன் மேடம்," என்றாள் காவேரி.

அன்றிலிருந்து ரஞ்சனி அவளுக்கு ஒரு தெய்வம். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் பயந்திருப்பாள்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைக் காவேரி புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. எலும்பு முறிந்தவர்களுக்கு உள்ளே கம்பியும் பின்னும் திருகும் வைத்து இணைக்கிறார்கள் அல்லவா, அது எஃகோ டைட்டானியமோ என்றால் உள்ளேயே கிடக்கும், பிறகு இன்னொரு தடவை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மெக்னீசியம் கலந்த உலோகத்தில் செய்தால் எடுக்க வேண்டாம், அது உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும். ஆனால் மெக்னீசியம் அவசரக்காரப் பயல். அப்படியே வைத்தால் எலும்பு சேர்வதற்கு முன்னாலேயே கரைந்துவிடும், கரைகிற வேகத்தில் குமிழ் குமிழாக வாயு வேறு விடும். அதனால் அதன் மேல் ஒரு தோல் வேண்டும், எலும்பு ஒட்டும்வரைக்கும் தாங்குகிற தோல். அந்தத் தோலை வளர்ப்பதுதான் இந்தக் கம்பெனியின் வேலை.

அவள் இதை வீட்டில் சொன்னபோது எழிலரசன் யோசித்துவிட்டு, "நம்ம வூடு கட்ன மேஸ்திரி மாதிரின்னு சொல்லு, பாதில காணாமப் போறவன்," என்றான்.

"அதான்யா இல்ல. வேலைய முடிச்சிட்டு காணாமப் போறது இது," என்றாள் காவேரி, ஏதோ தானே கண்டுபிடித்த பெருமையில்.

தோல் வளர்வது மாரியின் தொட்டியில். மாரி மணிமங்கலத்துக்காரர், ஐம்பது தாண்டியவர், இருபது வருஷம் குரோம் பூசும் பட்டறைகளில் நின்று கையெல்லாம் தடித்துப்போன மனிதர். பின்களைக் கொக்கிகளில் மாட்டிக் கரைசலுக்குள் இறக்கி மின்சாரத்தை ஏற்றுவார். நானூறு வோல்ட் தாண்டும்போது தண்ணீருக்குள்ளேயே பின்களின் உடம்பெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பொறி ஓடும். தாளிக்கிற கடுகு மாதிரி படபடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் தடித்தால் மாரி மீட்டரைப் பார்க்காமலே கரண்டைக் குறைப்பார். பெயின்ட் மாதிரி மேலே பூசுவதில்லை இது. உலோகமே தன் மேல் பீங்கான் போலக் கெட்டியாக ஒரு தோலை வளர்த்துக்கொள்கிறது. வெளியே வந்த பின்களைச் சுத்தமான தண்ணீரில் மூன்று முறை அலசி, தட்டில் அடுக்கி, உலர்த்தும் அலமாரியில் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்து உறையில் போடுவது காவேரியின் பங்கு.

சேர்ந்த முதல் நாளே ரஞ்சனி அவளுக்குப் பாடம் எடுத்த ஒரே விஷயம் உப்பு. "உப்புதான் இதுக்கு எமன். வேர்வைல உப்பு, ஊறுகாய்ல உப்பு, கருவாட்டுல உப்பு. சாப்பிட்டுட்டு வந்தா முழங்கை வரைக்கும் கழுவணும், ரெண்டு கிளவுஸ் போடணும். ஒரு துளி உப்பு பட்டு நின்னா அந்த எடம் குழி விழுந்துடும்." காவேரி அன்றோடு சாப்பாட்டு டப்பாவில் ஊறுகாயையே விட்டுவிட்டாள். அவ்வளவு பயம், அவ்வளவு பக்தி.

அப்புறம் எப்படி உப்பு உள்ளே வந்தது?

ஆவணி மாதத்தில் ஒரு நாள் வெளியூர் டாக்டர்கள் நான்கு பேர் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். கூடவே பின்களை வாங்கப்போகும் கம்பெனியின் தர அதிகாரி சாம்சனும் வந்தார். அதில் ஒரு டாக்டர் லென்ஸில் கண்ணை வைத்தவர் ஐந்து நிமிஷம் எடுக்கவே இல்லை. "என்ன ஒரு ஃபினிஷ், என்ன ஒரு ஃபினிஷ்," என்று வாய் ஓயாமல் சொன்னார். ரஞ்சனியைப் பாராட்டினார்கள், தொட்டியைப் பாராட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். காவேரி மட்டும் லென்ஸைச் சுற்றி நின்ற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இத்தனை கண் ஒரே இடத்தில் விழுந்தால் அந்த இடம் தாங்குமா?

வீட்டில் என்றால் இதற்கு வழி உண்டு. அகலில் கைப்பிடி கல்லுப்பு வைத்து மூலையில் வைத்துவிட்டால் வருகிற கண்ணையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அமாவாசைக்கு அமாவாசை மாற்றினால் போதும்.

உப்பு ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவள் மனசில் உப்பு இரண்டு சாதி. தின்கிற உப்பு ஒன்று, திருஷ்டிக்கு வைக்கிற உப்பு ஒன்று. முதலாவது கெடுக்கும், இரண்டாவது காக்கும். காக்கிற உப்பு எதையாவது கெடுக்கும் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. அதுவும் யாரும் தொடாத இடத்தில்தானே வைக்கப் போகிறாள்? ஒரு வெள்ளிக்கிழமை அகலையும் உப்பையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போனாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, உலர்த்தும் அலமாரியின் தலைமேல், இடது பின் மூலையில், காற்றுப் போகிற துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கீழே இருந்து பார்த்தால் தெரியாது. இறங்கி, அலமாரியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நீ நல்லாருக்கணும்," என்றாள். இரும்பு அலமாரியிடம்தான் சொன்னாள். யாரிடம் சொல்ல முடிகிறதோ அவர்களிடம்தானே சொல்ல வேண்டும்.

மூன்று அமாவாசை ஒழுங்காகப் போனது. கார்த்திகையில் புயல் வந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் நாற்பத்தெட்டு பின்கள் தொட்டியிலிருந்து வந்திருந்தன. கம்பெனியின் வாழ்வே அந்த நாற்பத்தெட்டில் இருந்தது. முழங்கை முறிந்த குழந்தைகளுக்கு வைத்துப் பார்க்க, முறைப்படி அனுமதி வாங்கிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகவேண்டிய முதல் தொகுதி. காவேரி அவற்றை அலசி, தட்டில் அடுக்கி, அலமாரியில் வைத்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. மழை வலுத்ததால் எல்லாரையும் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு முழுக்க மழை, திங்கள் காலை வரை கரண்ட் இல்லை. ஏசி ஓடாத அறைக்குள் ஈரம் புகுந்து நின்றது. கார்த்திகை மழையில் உப்பு ஜாடி என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள், கசிந்து குழம்பாக நிற்கும். மண் அகலோ உள்ளே இருப்பதை வெளியே விடாமல் இருக்காது.

செவ்வாய்க்கிழமை லென்ஸில் முதல் பின்னை வைத்த காவேரி இன்னொரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சாம்பல் நிறத் தோலில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஊசியால் தட்டினால் பொடி உதிர்ந்து, அடியில் குழி. நாற்பத்தெட்டில் ஆறு பின்கள் அப்படி.

புதன்கிழமை சாம்சன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, குரலை உயர்த்தாதவர். பின்களின் எண்களை எழுதி, பன்னிரண்டு பன்னிரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தார். "ஒண்ணு, ரெண்டு, ஒன்பது, பத்து, பதினேழு, பதினெட்டு. தொட்டியில ஒரு தடவைக்கு பன்னெண்டு பின் போடறீங்க. கெட்டது ஆறும் முதல் ரெண்டு தடவைல வந்தது. கடைசி ரெண்டு தடவை சுத்தமா இருக்கு. காலைல தொட்டிய ஆரம்பிச்சவர் சரியா ஆரம்பிக்கல," என்றார்.

தொட்டியை ஆரம்பிப்பவர் மாரி. ரஞ்சனி அவருக்காக வாதாடித்தான் பார்த்தாள். சாம்சனின் அறிக்கை அசையவில்லை. கரைசல் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும், தொட்டிக்கு ஆளை மாற்ற வேண்டும். மாரி கான்ட்ராக்ட் ஆள். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்க வரும். புதுப்பிக்காமல் விட்டால் போதும், யாரும் யாரையும் நீக்கியதாகக்கூட ஆகாது.

மாரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் காவேரியை உறுத்தியது. கேன்டீனில் சாம்பாருக்கு உப்பு குறைந்தால் அரைமணி நேரம் சண்டை போடுகிற மனிதர் அவர்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காவேரி காலித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் வரிசைக்கு எட்டு துளை, ஆறு வரிசை. அவள் எப்போதும் இடது பின் மூலையில்தான் ஆரம்பிப்பாள், ஒன்று, இரண்டு என்று எண் வாரியாக. பழைய லேபிள் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, கோலத்துக்கு வைப்பதுபோல எட்டெட்டாகப் புள்ளி வைத்தாள். கெட்ட எண்களை மட்டும் வட்டம் போட்டாள். ஒன்று, இரண்டு. அடுத்த வரிசையில் ஒன்பது, பத்து. அதற்கடுத்து பதினேழு, பதினெட்டு.

ஆறு வட்டமும் ஒரே மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

தொட்டியில் இந்த ஆறும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதே இல்லை. இவை ஒன்றாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அலமாரிக்குள் அந்த இடது பின் மூலை. காவேரி மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த மூலைக்கு நேர் மேலே காற்றுத் துவாரம்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். அகல் அங்கே இல்லை. அகல் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் காய்ந்து கிடந்தது. வட்டத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடித் துவாரத்துக்குள் இறங்கியிருந்தது.

அவள் எடுக்கவில்லை. அப்படியானால் யாரோ எடுத்திருக்கிறார்கள். யாரோ பார்த்திருக்கிறார்கள். அப்படியே விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் மனசு கேட்டது. உண்மையாகவே கேட்டது, மறைப்பானேன். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் வட்டமும் போய்விடும், கோடும் போய்விடும். இரண்டு வருஷமாகக் கண்ணும் கையும் திரும்பக் கிடைத்து வாழ்கிற வாழ்க்கை அப்படியே நிற்கும். துணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் துணியை எடுக்கவில்லை. பழி வந்தபோதும் வாய் திறக்காத மாரியைத் தேடிக்கொண்டு போனாள்.

மாரி பின்பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கொக்கிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூறல் விட்டிருக்கவில்லை.

"மாரிண்ணா, அலமாரி மேல இருந்த அகலு எங்க?"

"இன்னா அகலு?"

"என் மூஞ்சப் பாத்து சொல்லுண்ணா."

மாரி கொக்கியைக் கீழே வைத்தார். "என் டூல் பாக்ஸ்ல கீது. பேப்பர்ல சுத்தி வெச்சிகிறேன். மழ வுட்டதும் எத்துகினு போய் ஏரில போட்டுர்லாம்னு பாத்தேன்."

"எப்ப பாத்த?"

"செவ்வாக்கெயமயே. பின்னு பூத்துக்கிச்சுன்னு நீ அயுதுகினு நின்னியே, அப்ப. மேல எதுனா ஒயுவுதான்னு ஏறிப் பாத்தேன். இந்த கம்பெனில அகல்ல உப்பு வெக்கறவ வேற யாரு கீறா?"

"அப்புறம் ஏண்ணா சொல்லல? உன்ன ஆள மாத்தணும்னு அந்தாளு எழுதிட்டுப் போயிட்டாரே!"

"எழுதட்டும்." மாரி மறுபடி கொக்கியை எடுத்துத் தேய்த்தார். "எனக்கு இன்னா காவேரி? குரோம் தொட்டி, நிக்கல் தொட்டி, எந்த தொட்டி முன்னால போய் நின்னாலும் வா மாரின்னு இட்டுக்குவான். உன்னிய யாரு எடுப்பா? மறுபடியும் தொடப்பம் தூக்கப் போறியா? நான் டைபாய்டுல கெடந்தப்ப இருவது நாளு வேன்ல கஞ்சி அனுப்பிச்சியே, அத்த சும்மா குட்ச்சிட்டு ஏப்பம் வுட்டேன்னு நெனச்சியா?"

வாழ்க்கையில் காவேரி எல்லாருக்கும் செய்திருக்கிறாள், கணக்கு வைத்ததில்லை. தனக்கு ஒருவர் இவ்வளவு பெரிதாகத் திருப்பிச் செய்ய நினைப்பார் என்று அவள் எதிர்பார்த்ததே இல்லை. அப்படியே அந்த மனிதர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வேணாண்ணா. நீ பழிய ஏத்துகினா தொட்டிய கொட்டிட்டு வேற கலக்குவாங்க. எல்லாம் சரியாப் பூட்ச்சுன்னு நெனச்சுக்குவாங்க. மேல ஓட்ட அப்டியேதான இருக்கும்? நாளைக்கு நான் இல்லன்னாலும் வேற எவளாவது வேற எதையாவது வெப்பா. இது கொயந்த கைக்குள்ள போற சாமான்ணா. எந்தப் புள்ளயோ, யாரு பெத்ததோ."

மாரி எழுந்து போய் டூல் பாக்ஸிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"போய் சொல்லு. மொதல்ல மூஞ்சக் கயுவிக்கினு போ. இப்டியே போனா அந்தப் பொண்ணு பயந்துரும்."

ரஞ்சனி கேபினில் கம்ப்யூட்டர் முன்னால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காவேரி பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தாள். புள்ளி வைத்த தாளையும் பக்கத்தில் வைத்தாள். "நான்தான் மேடம்," என்று ஆரம்பித்தவள் ஆவணி மாதத்து டாக்டரிலிருந்து ஆரம்பித்து, திருஷ்டி, அமாவாசை, துவாரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். மாரி ஒளித்து வைத்ததை மட்டும் சொல்லவில்லை. அதையும் மறைக்கக் கூடாது என்று தோன்றி, கடைசியில் அதையும் சொன்னாள்.

ரஞ்சனி அகலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், காவேரியைப் பார்த்தாள்.

"உப்பு," என்றாள். "காவேரிக்கா, உலகத்துல இத்தன பொருள் இருக்கு. உப்பு! ஒரு எலுமிச்சம்பழம் வெச்சிருக்கலாம்ல?" பிறகு தானே தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அதுவும் வேண்டாம். அது ஆசிட்."

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தாள். சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துவாரத்தின் உள்பக்கத்தைத் துடைத்து, அந்தத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிழிந்தாள். உப்பு இருந்தால் காட்டிக்கொடுக்கிற சில்வர் நைட்ரேட்டில் இரண்டு சொட்டு விட்டாள். திரிந்த பால் மாதிரி குழாய் முழுக்க வெள்ளை பரவியது. தொட்டியிலும் அலசுகிற தண்ணீரிலும் எடுத்ததைத் தனித்தனியாகச் சோதித்தாள். இரண்டும் கண்ணாடி போலவே நின்றன. மாரியின் தொட்டியில் குற்றமில்லை.

"மாரியண்ணன் விஷயம் முடிஞ்சுது. சாம்சன் சார்கிட்ட நானே பேசறேன்," என்றாள் ரஞ்சனி. "நீங்க நடந்தத உங்க கையாலயே எழுதிக் குடுங்க, தமிழ்லயே. அந்த அகல், கசிஞ்ச கோடு, எல்லாம்."

காவேரி எழுதினாள். இரண்டு பக்கம் ஆனது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

ரஞ்சனி அட்டையைத் தொடவில்லை. "இத நான் முடிவு பண்ண முடியாதுக்கா. முதலாளிகிட்டயும் கஸ்டமர்கிட்டயும் பேசணும். நாப்பத்தெட்டும் கழிவுக்குத்தான் போகுது, ஆஸ்பத்திரிக்கு மூணு வாரம் தள்ளுது. சும்மா விடுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அட்டைய மாட்டிட்டு ஷிப்ட முடிங்க. நாளைக்கு வாங்க."

அன்று ராத்திரி காவேரி சாப்பிட்டாள், தூங்கினாள். அதுதான் ஆச்சரியம். வேலை போனால் போகட்டும் என்கிற தைரியம் ஒன்றும் அவளுக்கு வந்துவிடவில்லை. ஆனால் மாரியின் தலை தப்பியது. அந்தக் குழந்தைகளுக்குக் கெட்ட பின் போகாது. இரண்டு வருஷம் இந்த விரல்களுக்கு வேலை கொடுத்தார்கள், அது கிடைக்காமலே போயிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் மனசு நிறைந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேர் வந்து அலமாரியின் துவாரத்துக்குத் தகரத்தில் குடை மாதிரி ஒரு மூடி அடித்துவிட்டுப் போனார்கள். மாரி தொட்டியை ஓட்டினார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் ரஞ்சனி வந்து ஒரு கவரை நீட்டினாள்.

"மெமோக்கா. உங்க பைல்ல ஒண்ணு போகும், இது உங்களுக்கு. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்து போடுங்க."

காவேரி படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். பதின்மூன்று வருஷம் லைனில் நின்றவள் அவள். மெமோ என்றால் என்ன, அதற்கு அப்புறம் என்ன வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே வந்து வேனில் எழிலரசனுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் இன்னும் வரவில்லை.

"படிய்யா," என்று கவரை அவன் மடியில் போட்டாள். "எனக்கு தெம்பு இல்ல."

எழிலரசன் கவரைக் கிழித்துத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தான். உற்பத்தி அறைக்குள் உப்பு கொண்டுவந்தது கடும் தவறு, எச்சரிக்கப்படுகிறார் என்றெல்லாம் மேலே இருந்ததைத் தட்டுத் தடுமாறிப் படித்தான். காவேரி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

"கீழ இன்னும் ஒண்ணு கீது," என்றான் எழிலரசன். "'உலர்த்தும் அலமாரியின் மேற்புறத்தையும் காற்றுத் துவாரத்தையும் வாரந்தோறும் திங்கட்கிழமை காலை சோதித்து, பதிவேட்டில் கையெழுத்திடும் பொறுப்பு திருமதி எ. காவேரியிடம் ஒப்படைக்கப்படுகிறது.'"

காவேரி கண்ணைத் திறந்தாள். "இன்னா சொன்ன? திரும்பப் படி."

அவன் திரும்பப் படித்தான்.

"வாரந்தோறும்னா?"

"வாரா வாரந்தான்."

"எது வரைக்கும்னு போட்டுகீறாங்க?"

எழிலரசன் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், மறுபடி முன்பக்கம் பார்த்தான். "தேதி ஒண்ணும் போடல புள்ள."

காவேரி துப்பட்டாவை முகத்தில் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வேனில் ஏற வந்த பெண்கள் பதறிப்போய், என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு என்று ஜன்னலைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"மெமோ குடுத்துட்டாங்கடி," என்றாள் காவேரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக. "எனக்கு மெமோ குடுத்துட்டாங்க!"